ஜீப் கொட்டகைப் பரணுக்கு விசிறி வேண்டுமா?

சித்திரை வெயில் முகத்தில் அறைகின்ற இந்நாள்களில் சின்னமனூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து நம் வாசகச் சகோதரர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். ஜீப் ஓட்டிப் பிழைப்பவர் அவர். நாள்தோறும் விடியற்காலையில் ஏலத்தோட்டக் கூலியாள்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு வழியாக இடுக்கி மலைக்குச் சென்று, மாலையில் இறங்கி வருகின்றார். வீட்டை ஒட்டி ஜீப்புக்கென்று ஒரு கொட்டகை கட்டி, அதன் மேல் பலகை பரப்பிப் பரண் அமைத்திருக்கின்றார். "பரணில் பகலில் நிற்க முடியவில்லை. எக்ஸாஸ்ட் விசிறி ஒன்று மாட்டினால் போதும் என்கிறார் கடைக்காரர். வீண் செலவு என்கிறாள் என் மனைவி. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்பது அவர் கேள்வி.

இப்பகுதியில் வீட்டுப் பராமரிப்பைப் பற்றி நாம் எழுதத் தொடங்கிய நாள் முதல் இத்தகைய கேள்விகள் பல வந்துள்ளன. பெரும்பாலானவற்றுக்கு அஞ்சலட்டையிலேயே விடை எழுதி முடித்திருக்கின்றோம். இதற்கும் அவ்வாறே எழுத எண்ணினோம். ஆனால் கடிதத்தின் கடைசி வரி நம்மைத் தடுத்தது. "மகள் அங்கேதான் படிக்கிறாள், அங்கேதான் படுக்கிறாள்" என்று, ஏதோ மறந்ததைச் சேர்ப்பது போல, ஓரத்தில் எழுதியிருந்தார். ஆகவே ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பேருந்து ஏறி நேரிலேயே சென்றோம்.

கொட்டகை பதினாறு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். செங்கல் சுவர். மேலே இருபுறமும் சரிந்த சிமெண்டு அட்டைக் கூரை. நாம் பேச்சுவழக்கில் ஆஸ்பெஸ்டாஸ் என்கின்றோமே, அதுதான். சுவரின் மேல் குறுக்கு விட்டங்கள் போட்டு, அவற்றின்மேல் பழைய பலகைகளை அடித்துப் பரண் ஆக்கியிருக்கின்றார். பலகைகளுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி. முகட்டின் அடியில் ஒருவர் நிமிர்ந்து நிற்கலாம். ஓரங்களில் குனிய வேண்டும். ஒரு மூலையில் நான்கைந்து பூண்டு மூட்டைகள். இன்னொரு மூலையில், மலையில் தமக்கிருக்கும் சிறு துண்டுத் தோட்டத்தில் விளைந்த ஏலக்காய் இரண்டு சாக்குகள். நடுவே ஒரு பாய், ஒரு தலையணை, மேசையாகப் பயன்படும் இரும்புப் பெட்டி, அதன்மேல் நீட் தேர்வுக்கான தடித்த புத்தகங்கள்.

பரணில் சன்னல் ஏதுமில்லை. கீழிருந்து ஏறுவதற்கு ஏணி வைத்த ஒரு சதுரத் துளை மட்டுமே உண்டு. மேற்குச் சுவரில் கரியால் ஒரு வட்டம் வரைந்திருந்தது. "அங்கேதான் விசிறி" என்றார் சகோதரர்.

நாம் எங்குச் சென்றாலும் பையில் ஒரு வெப்பமானியைக் கொண்டு செல்வது வழக்கம்; இதற்காக நம் இல்லத்தில் நம்மைக் கேலி செய்வதும் வழக்கம். பிற்பகல் இரண்டரை மணிக்கு வாசலில் வேம்பின் நிழலில் அது 36 பாகை காட்டியது. பரணில், பாய்க்கு இரண்டடி மேலே தொங்கவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 47! மனித உடலின் வெப்பம் 37 பாகை என்பதை வாசகர்கள் அறிவார்கள். தன் உடலைவிடப் பத்துப் பாகை மிகுந்த சூட்டில் ஒரு பெண் உட்கார்ந்து வேதியியல் படிக்கின்றாள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே நம் தமிழக அரசு 2024ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. பேரிடர் என்றதும் நமக்குப் புயலும் வெள்ளமுமே நினைவுக்கு வருகின்றன. ஒரு பரணுக்குள் அது இருக்கக்கூடும் என்று தோன்றுவதில்லை.

இப்போது கடைக்காரரின் கூற்றைச் சற்று ஆராய்வோம். விசிறி மாட்டினால் போதுமா?

உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. இந்தக் கூரையின் பரப்பு 18 சதுர மீட்டர் என்று கொண்டால், 18 மின்சார அடுப்புகளை வரிசையாகக் கூரைமேல் கவிழ்த்து வைத்ததற்கு ஒப்பாகும். இதில் ஒரு பகுதி திருப்பி வீசப்படுகிறது. ஒரு பகுதியைக் காற்று கொண்டுபோகிறது. மீதி, அட்டையைச் சுட்டு, அட்டையின் அடிப்புறம் வழியாக உள்ளே இறங்குகிறது. இறங்கும் விதம் இரண்டு. ஒன்று, அட்டையைத் தொட்ட காற்று சூடாவது. மற்றொன்று, அடுப்புத் தணல் தொடாமலே நம் முகத்தைச் சுடுகிறதே, அதுபோல அட்டையே கதிராக வெப்பத்தை வீசுவது. விசிறியால் முதலாவதை மட்டுமே அகற்ற இயலும். இரண்டாவதை அது தீண்டவும் முடியாது. தணலுக்கும் நமக்கும் இடையே காற்று ஓடினால் முகம் சுடாமல் இருக்குமா?

முதலாவதையேனும் எவ்வளவு அகற்றும்? மணிக்கு 500 கன மீட்டர் காற்றை இழுக்கும் சிறு விசிறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைவிடப் பத்துப் பாகை சூடு என்றால், அவ்விசிறி வெளியேற்றும் வெப்பம் சுமார் 1600 வாட். அதாவது கூரைமேல் உள்ள பதினெட்டு அடுப்புகளில் ஒன்றரை அடுப்பு. பயனில்லை என்று நாம் சொல்லவில்லை. பயனின் அளவு இது. மேலும் விசிறி எத்தனை பெரிதாயினும் பரணை வெளிநிழலின் 36 பாகைக்குக் கீழே கொண்டுவர அதனால் ஆகாது. விசிறி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. வெளியே உள்ள காற்றை உள்ளே வரவழைக்கிறது, அவ்வளவே.

வரவழைக்கிறது என்றோம். எங்கிருந்து வரவழைக்கிறது? இதைக் கடைக்காரர் சொல்லவில்லை, சகோதரரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், சில ஆண்டுகளுக்கு முன் நாமும் கேட்கவில்லை.

அப்போது நம் இல்லத்தின் சமையலறைக்கு மேலே உள்ள பரணில் இத்தகைய விசிறி ஒன்றை மாட்டினோம். ஐப்பசி மாதம், அடைமழை. பரணில் புழுங்குகிறதே என்று இரவும் பகலும் ஓடவிட்டோம். மழையில் ஊறிய காற்றை மின்சாரச் செலவில் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது நமக்கு உறைக்கவில்லை. வாய் கட்டாமல் வைத்திருந்த ஏலக்காய் நமத்துப்போயிற்று. பச்சை நிறம் வெளுத்தது. உறவினர் ஒருவர் போடிக்கு விற்கக் கொண்டுபோகும்வரை நம்மிடம் நம்பி வைத்திருந்த காய் அது. நிறமும் பருமனும் பார்த்து விலை கூறப்படும் பொருளில் நிறம் போனால் என்ன மிஞ்சும்? அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு காயை வேறு ஒருவர் வீட்டில் வைத்தார்.

ஆகவே சகோதரரின் பரணில் நாம் முதலில் செய்தது ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தியதுதான். விசிறி இன்னும் இல்லாமையால், வீட்டிலிருந்த மேசை விசிறியைக் கொணரச் செய்தோம். மேற்குச் சுவரின் உச்சியில் கொத்தனார் முன்பே இரு செங்கற்களைப் பெயர்த்து வைத்திருந்தார். அத்துளைக்கு நேரே விசிறியை, முகம் வெளியே பார்க்க வைத்து, சுற்றிலும் சாக்கால் அடைத்து ஓடவிட்டோம். பின்னர் ஊதுபத்தியைப் பலகை இடுக்குகளின் அருகே பிடித்தோம். புகை நேராக எழாமல், கீழிருந்து யாரோ ஊதுவது போல மேல்நோக்கிச் சீறிற்று. ஏணித் துளையருகே இன்னும் வேகம். பரணுக்கு வேறு வாயில் இல்லையாதலால், விசிறி தனக்கு வேண்டிய காற்று முழுவதையும் கீழே உள்ள ஜீப் கொட்டகையிலிருந்தே உறிஞ்சுகிறது!

"காலையில் வண்டியை எங்கே ஸ்டார்ட் செய்வீர்கள்?" என்று கேட்டோம்.

"கொட்டகைக்குள்ளேதாங்க. நாலரை மணிக்கு. தெருவில் நிறுத்தி உறுமவிட்டால் பக்கத்து வீட்டார் ஏசுகிறார்கள். அதனால் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, ஒரு பத்து நிமிடம் இன்ஜின் சூடாக விடுவேன்."

"அப்போது மகள்?"

அவர் பரணை நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்லவில்லை.

வாகனப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் பொருளோடு, உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்கிறது. காற்றைவிடச் சற்றே இலேசானது. சூடான புகையோடு சேர்ந்து மேலே எழுவது. டீசல் இன்ஜினில் இதன் அளவு பெட்ரோல் இன்ஜினைவிடக் குறைவுதான். ஆனால் டீசல் புகைக்கு வேறு குற்றங்கள் உண்டு. அது புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக அறிவித்துவிட்டது. ஜீப்பின் பக்கத்திலேயே அவருடைய மோட்டார் சைக்கிளும் நிற்கிறது. அது பெட்ரோல் வண்டி. மூலையில் ஒரு பெட்ரோல் கேனும் கண்டோம். பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது; தரையோடு படர்வது. பரணில் மாட்டும் விசிறி அதை அகற்றும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். கேனை வெளியே கொண்டுபோய் வைப்பது ஒன்றே அதற்கு வழி.

மகளை அழைத்துக் கேட்டோம். காலையில் எழும்போது சில நாள் தலை கனக்கும் என்றாள். "ராத்திரி ரொம்ப நேரம் படிப்பதனால் என்று நினைத்தேன்." விசிறி இல்லாத நிலையிலேயே இப்படி. அப்பெண்ணின் நன்மைக்காகவே மாட்ட நினைத்த விசிறி, விடியற்காலையில் ஓடிக்கொண்டிருக்குமானால், தந்தை எழுப்பும் புகையை மகளின் பாய்க்கே இழுத்து வந்திருக்கும்.

இவ்விடத்தில் வீட்டு அம்மையார் பேசினார். "விசிறிக்கு நான் வேண்டாம் என்றது பணத்துக்காக மட்டும் இல்லைங்க. இந்தப் பிள்ளையை ஏன் பரணுக்கு அனுப்பினோம் என்று கேளுங்கள்." கேட்டோம். வீட்டில் இரண்டே அறைகள். முன்னறையில் தொலைக்காட்சி, அதன் முன் பாட்டியம்மாள். பகல் முழுவதும் தொடர்கள். பிள்ளை படிக்க இடம் கேட்டது. அம்மாவிடம் பெட்டியை நிறுத்தச் சொல்லச் சகோதரருக்கு வாய் வரவில்லை. மருமகள் சொன்னால் வேறு பொருள் ஆகிவிடும். ஆகவே பரண். பரண் சுட்டதால் விசிறி. நாம் கணக்குப் போட்டுக் கொண்டிருந்த பாகைகளுக்கும் வாட்டுகளுக்கும் பின்னால் இப்படியொரு காரணம் ஒளிந்திருந்தது.

பாட்டியம்மாள் முன்னறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஏப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன பள்ளிக்கூடமா போறேன், நாடகம் பார்க்காட்டி பெயிலாகிப் போக? தாயி, நீ புத்தகத்தை எடுத்துக்கிட்டு இங்க வா" என்றார். பேத்தி, "அப்பத்தா, ராத்திரி எட்டு மணி நாடகத்தை மட்டும் நீங்க பாருங்க" என்று உடன்படிக்கை செய்துகொண்டாள். அன்று மாலையே பாயும் தலையணையும் கீழே இறங்கின. வண்டியைக் கதவு முழுதும் திறந்து, வெளியே தள்ளி நிறுத்திய பின்னரே ஸ்டார்ட் செய்வதென்றும் முடிவாயிற்று. பக்கத்து வீட்டாரிடம் தாமே சென்று பேசுவதாகச் சகோதரர் கூறினார்.

வாகனம் நிற்கும் இடத்துக்கு மேலே, இடுக்குள்ள பலகைப் பரணில், விசிறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எவரும் உறங்கலாகாது. இதில் நமக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

இனி, ஆள் இறங்கிவிட்ட பரணைப் பார்ப்போம். பண்டம் மட்டும் இருக்கும் பரணுக்கு விசிறி தேவையா? அது எந்தப் பண்டம் என்பதைப் பொறுத்தது.

பூண்டுக்குக் காற்று வேண்டும். வடுகபட்டிச் சந்தையில் வாங்கி விற்போரைக் கேட்டுப் பாருங்கள். உலர்ந்த, காற்றோடும் இடத்தையே தேடுவார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டைக் கொத்தாகக் கட்டி, அடுப்புப் புகை படும்படி கூரையில் தொங்கவிடுவது மலையூர் வழக்கம். மூட்டையாக அடுக்கினால் நடுவில் உள்ளது வேர்க்கும், வேர்த்தால் அழுகும். எனவே பூண்டு பரணிலேயே இருக்கலாம்; ஆனால் மூட்டையைப் பிரித்துத் தொங்கவிட வேண்டும்.

ஏலக்காய் இதற்கு நேர்மாறு. ஏலத்தோட்டத்து ஸ்டோரில் காயை உலர்த்தும் முறையைக் கவனித்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். பச்சைக் காயில் நூற்றுக்கு எண்பது பங்கு நீர். அறையை 45 முதல் 50 பாகை அளவில் சூடாக்கி, காயிலிருந்து நீர் ஆவியாகி அறையை நிறைத்ததும், மேலுள்ள துவாரங்களைத் திறந்து, விசிறியையும் ஓட்டி, அந்த ஈரக் காற்றை வெளியேற்றுகிறார்கள். அங்கே விசிறிக்கு வேலை உண்டு. வெளியேற்ற வேண்டிய நீராவி இருக்கிறது. காய் உலர்ந்து நூற்றுக்குப் பத்துப் பங்கு நீராகக் குறைந்தபின் கதை மாறுகிறது. அதன்பின் காற்றே அதற்குப் பகை, வெளிச்சமும் பகை. கறுப்புப் பாலிதீன் உள்ளிட்ட சாக்கில் வாயை இறுகக் கட்டி, மரப்பெட்டியில் வைத்து, சூடும் வெளிச்சமும் படாத அறையில் வைப்பதே முறை. 47 பாகைப் பரணில் வைத்தால் மணம் தரும் எண்ணெய் மெல்ல மெல்லப் பறந்துவிடும். ஆகவே அவ்விரு சாக்குகளையும் பிள்ளையோடு சேர்த்துக் கீழே இறக்கச் செய்தோம்.

மீதமிருப்பது பூண்டும் பழைய சாமான்களும். இவற்றுக்கு விசிறி தேவையில்லை, வழி இருந்தால் போதும். சூடான காற்று மேலே எழுவதும், அது போன இடத்தை நிரப்பக் கீழே குளிர்ந்த காற்று வருவதும் எவரும் கூலி கொடுக்காமல் நடக்கும் வேலை. இரண்டு துவாரம் வேண்டும். ஒன்று தாழ்வாக, ஒன்று உயரமாக. தாழ்ந்ததற்கும் உயர்ந்ததற்கும் ஒரு மீட்டர் வேறுபாடும், ஒவ்வொன்றும் மூன்று சதுர அடி அளவும் இருந்து, உள்ளே பத்துப் பாகை மிகுந்த சூடும் இருக்குமானால், மணிக்கு 300 கன மீட்டருக்கு மேல் காற்று தானாகவே ஓடும் என்று கணக்குச் சொல்கிறது. இந்தப் பரணின் கொள்ளளவு 27 கன மீட்டர். மணிக்குப் பத்து முறைக்கு மேல் காற்று மாறிவிடும். அப்பாலும் ஒரு விசிறி எதற்கு? கொசுவலை அடித்தால் காற்று தடைப்படும். ஆகவே துவாரத்தை இருமடங்காக்கிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க நாட்டுக் கட்டட விதிகள் ஆள் வசிக்காத பரணுக்குத் தரைப்பரப்பில் 150இல் ஒரு பங்கு காற்றுத் துவாரம் கேட்கின்றன. அக்கணக்கில் இந்தப் பரணுக்கு ஒன்றேகால் சதுர அடி போதும். நம் நாட்டுத் தேசியக் கட்டட விதித் தொகுப்போ, ஆள் வசிக்கும் அறைக்கு, வறண்ட வெப்பப் பகுதிகளில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது. அக்கணக்கில் 19 சதுர அடி. சாமானுக்கும் மனிதருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இவ்விரு எண்களும் காட்டுகின்றன. சன்னலே இல்லாத இடத்தில் அப்பிள்ளை எட்டு மாதம் இருந்திருக்கிறாள்.

கம்பம் பள்ளத்தாக்கில் காற்றுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களைப் போலவே கம்பம் கணவாயும் காற்றாலைகளுக்குப் பெயர் பெற்றது. ஆண்டிபட்டிப் பக்கம் வரிசையாகச் சுழலும் ஆலைகளைப் பேருந்தில் போகும்போது காணலாம். ஆனி முதல் புரட்டாசி வரை மேற்கிலிருந்து வரும் காற்று கதவைப் பிடுங்கும். ஆகவே துவாரங்களை மேற்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும் எதிரெதிராக வைக்கச் சொன்னோம். அதே காற்று சாரலையும் கொண்டுவருமாதலால் மேற்கே திறந்த துவாரம் ஆகாது. கீழ்நோக்கிச் சாய்ந்த பலகைச் சட்டங்கள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கிழக்கிலிருந்து வருவதால் அங்கும் அவ்வாறே. பெருமழை நாள்களில் மூடிக்கொள்ள ஒரு கதவும் அவசியம். இதை நாம் நம் இல்லத்து ஏலக்காயின் விலையில் கற்றுக்கொண்டோம்.

துவாரம் செங்கல் சுவரில்தான் இட வேண்டும். கொத்தனார், "அட்டையிலேயே வட்டமாக அறுத்து, கம்பெனிக் கூரைகளில் சுற்றுகிறதே, அந்த உருண்டையை வைத்துவிடலாம், கரண்டே வேண்டாம்" என்று நல்லெண்ணத்துடன் சொன்னார். காற்றால் சுழலும் அந்த உருண்டை நல்ல கருவிதான். தகரக் கூரையில் வைக்கலாம். ஆனால் இது கல்நார் கலந்த அட்டை. அறுத்தாலும் துளைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் தூசாகப் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். கல்நாரின் எல்லா வகையும் புற்றுநோய் தரக்கூடியன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 60க்கு மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துள்ளன. உடையாமல் கிடக்கும் அட்டையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதை அறுக்கவோ, துளைக்கவோ, உலர்ந்த நிலையில் தேய்த்துக் கழுவவோ வேண்டாம், அவ்வளவே.

தணலின் கதிரைக் குறைப்பதற்கு வெள்ளை பூசுவதே எளிய வழி. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். அகமதாபாத்து நகரில் 2017 முதல் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசி வருகிறார்கள். தெலங்கானா அரசு 2023இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. சிமெண்டு அட்டையில் சுண்ணாம்பு ஓரளவு பிடிக்கும். மழைக்காலம் கழிந்து ஆண்டுதோறும் மறுபடியும் பூச வேண்டும். தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது. அதற்குரிய வெள்ளைப் பூச்சுக் கடையில் கிடைக்கும். பூசுபவர் அட்டையின்மேல் நேரே கால் வைக்கக் கூடாது. அட்டை திடீரென முறியும். குறுக்கே பலகை போட்டு, ஆணி வரிசையை ஒட்டியே நகர வேண்டும். கூரைமேல் தென்னங்கீற்று பரப்புவது நம் பள்ளத்தாக்கின் பழைய வழக்கம். குளிர்ச்சியில் அதற்கு நிகரில்லை. ஆனால் கீழே வண்டியும் எண்ணெயும் உள்ள கொட்டகைக்கு அதை நாம் சொல்ல மாட்டோம். தெர்மாகோல் அட்டையை அடியில் ஒட்டுவதற்கும் அதே மறுப்புத்தான்.

அப்படியானால் விசிறியே வேண்டாமா என்று கேட்கும் வாசகர்களுக்கு: வேண்டிய இடமும் உண்டு. மூன்று பக்கமும் அண்டை வீட்டுச் சுவர் நெருக்கி, எதிரெதிரே துவாரம் வைக்க வழியில்லாத கொட்டகைகள் தேனி நகரிலும் கம்பம் கடைவீதியிலும் ஏராளம். அங்கே ஒரு பக்கம் துவாரம், மறுபக்கம் விசிறி என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் வெள்ளை பூசுங்கள். பரணுக்கும் வண்டிக்கும் இடையே உள்ள பலகை இடுக்குகளைச் சட்டம் அடித்து மூடுங்கள். வெளிக்காற்று வரும் துவாரம் ஒன்றையேனும் விசிறியின் வாயைவிடப் பெரிதாக வையுங்கள். அதன்பின் மூன்று நாள் பிற்பகலில் நிழலிலும் பரணிலும் வெப்பமானி வைத்துப் பாருங்கள். அப்போதும் பத்துப் பாகை வேறுபாடு இருந்தால் விசிறி வாங்கலாம். ஒன்பது அங்குல விசிறியே இத்தகைய பரணுக்குப் போதும். 50 வாட் விசிறி நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 12 யூனிட். கரண்டுச் செலவைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. மாட்டியபின் ஊதுபத்தியை மறவாதீர்கள். புகை வெளித் துவாரத்திலிருந்து வந்தால் நல்லது. பலகை இடுக்கிலிருந்து வந்தால் விசிறியை நிறுத்திவிட்டு இடுக்கை மீண்டும் அடையுங்கள்.

இருபது நாள் கழித்துச் சகோதரர் மறுகடிதம் எழுதியிருந்தார். கிழக்கிலும் மேற்கிலும் சட்டம் வைத்த துவாரங்கள் வைத்தாயிற்று. கூரைக்கு இருமுறை வெள்ளை அடித்தாயிற்று. அதே இரண்டரை மணிக்கு, வாசலில் 37 இருந்த அன்று, பரணில் 41 என்று எழுதியிருந்தார். இதற்கென ஒரு வெப்பமானி வாங்கினாராம். பாட்டியம்மாள் இப்போது பகலில் திண்ணையில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாராம். மகளின் தலைக்கனம் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. அதைக் கேட்டு நாம் அஞ்சலட்டை அனுப்பியுள்ளோம்.